சராசரி ஐந்தரை

மார்ச் 4, திங்கள். கெண்ட், பெல்ஜியம்

காலையில் ஐரோப்பா முழுவதும் உள்ள அறிஞர் பெருமக்களுக்கு மூன்றாவது நினைவூட்டல் அனுப்பினேன். மத்தியானத்துக்குள் பதில்கள் வந்து குவிந்தன. முக்கால்வாசி, "நான் விடுப்பில் இருக்கிறேன்" என்று கணினி தானாகப் போட்ட பதில். ஒருவர் மட்டும் தம் கைப்பட எழுதியிருந்தார்: தயவுசெய்து நிறுத்தவும்.

பாளையங்கோட்டையில் கைலியும் ஓரளவு மரியாதையுமாக அரசியல் அறிவியல் நடத்திக்கொண்டிருந்த உலகநாதன், ஐம்பத்தோரு வயதில் சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டு பெல்ஜியத்துக்கு வந்து செய்கிற வேலை இது. துபாயில் இருக்கும் மச்சினன் சங்கரலிங்கம் விசாரித்தபோது, "கட்சிகளுக்கு மார்க் போடுகிற ஆபீஸ்" என்றேன். "யாரு அத்தான் ஃபர்ஸ்ட் ரேங்க்?" என்றான். அப்படியில்லை என்று விளக்கப் போய் அவனுடைய அரபு நாட்டு ரீசார்ஜ் தீர்ந்துவிட்டது.

விஷயம் இதுதான். ஒவ்வொரு நாட்டிலும் அந்த ஊர் அரசியலைக் கரைத்துக் குடித்த பேராசிரியர்களைப் பிடிக்கிறோம். பூஜ்யம் என்றால் தீவிர இடதுசாரி, பத்து என்றால் தீவிர வலதுசாரி. உங்கள் ஊர்க் கட்சிகளை இந்தக் கோட்டில் நிறுத்துங்கள் என்கிறோம். ஐரோப்பிய ஒன்றியம் வேண்டும், வேண்டாம் என்பதற்கு இன்னொரு கோடு. குடியேறிகளுக்கு ஒரு கோடு. எல்லோரும் சொன்னதன் சராசரிதான் அந்தக் கட்சியின் இடம். பிறகு போர்ச்சுகல் கட்சியையும் போலந்துக் கட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து ஒப்பிடலாம்.

கட்சியிடமே கேட்டால் என்ன என்று வந்த புதிதில் கேட்டேன். என் தலைவி மரைக்கே அம்மாள் சிரித்தார். "கட்சியைக் கேட்டால் அது ஆசைப்படுவதைச் சொல்லும். வாக்காளரைக் கேட்டால் அவர் பயப்படுவதைச் சொல்வார். தள்ளி நின்று பார்ப்பவரைத்தான் கேட்க வேண்டும்."

அந்த அம்மாள்தான் இன்று சாயங்காலம் கூப்பிட்டார். ஜூனில் என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் தரத் தயார். ஏப்ரல் கடைசிக்குள் பதில் வேண்டும். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 5, செவ்வாய்

வீட்டில் கேட்டேன்.

"இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்லுதாங்க, செல்வி."

"அப்படியா."

"என்ன சொல்லட்டும்?"

"ஒங்க இஷ்டம். சாப்ட்டீயளா?"

சாப்பிட்டேன் என்றேன். என்ன குழம்பு என்றாள். தக்காளி சூப் என்றேன். "அது ஒரு குழம்பா?" என்று வைத்துவிட்டாள்.

ஆவுடைச்செல்வி என் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் 'ஒங்க இஷ்டம்' என்று சொன்ன சந்தர்ப்பங்களில் ஒருமுறைகூட அது என் இஷ்டப்படி முடிந்ததில்லை. பெல்ஜியம் வரும்போதும் அதைத்தான் சொன்னாள். ஆகவே அவளுக்கு நான் போவதில் இஷ்டம் என்று வந்தேன். வந்தபிறகுதான், அது எந்த வகை 'ஒங்க இஷ்டம்' என்று சந்தேகம் வந்தது. கேட்டிருக்கலாம்.

மார்ச் 10, ஞாயிறு

துணி துவைக்கிற நாள். ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரே கம்பளிச் சட்டையை வெந்நீரில் போட்டுவிட்டேன். இப்போது அது பக்கத்து வீட்டு நாய்க்குச் சரியாக இருக்கும்.

செல்வியிடம் பேசினேன். நம் விஷயத்துக்கு வரலாம் என்று, "அப்புறம், செல்வி..." என்று நான் ஆரம்பித்தபோது, "ஏ கொரங்கே! வைடா கீழ! வைக்கியா இல்லியா?" என்று கத்தினாள். வைத்துவிட்டேன்.

கோபம் இருப்பது நல்ல அடையாளம் என்று எடுத்துக்கொள்கிறேன். அலட்சியமாக இருக்கிறவளுக்கு இவ்வளவு சத்தம் வராது.

மார்ச் 14, வியாழன்

இந்த நாட்டில் சோஷலிஸ்டு, லிபரல், கிறிஸ்தவ ஜனநாயகம் என்று ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஒரே கட்சியாக இருந்தனவாம். பிறகு டச்சு பேசுகிறவர்கள் ஒரு பக்கம், பிரெஞ்சு பேசுகிறவர்கள் ஒரு பக்கம் என்று குடித்தனம் பிரித்துக்கொண்டார்கள். "பெரிய சண்டையா?" என்று மத்தியானச் சாப்பாட்டில் கேட்டேன். "எல்லாமே சண்டை இல்லை. சில இடத்தில் பேச்சு குறைந்துபோயிற்று, அவ்வளவுதான்" என்றார் மரைக்கே அம்மாள், ரொட்டியைக் கடித்தபடி.

என் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டேன். ரொட்டி நன்றாக இல்லை.

மார்ச் 19, செவ்வாய்

ஒரு யோசனை வந்திருக்கிறது. டிராமில் வந்தது, அங்கேயே இறக்கிவிட்டு வந்திருக்கலாம்.

செல்வியைக் கேட்டால் 'ஒங்க இஷ்டம்' என்பாள். கட்சி தன் நிலைப்பாட்டைத் தானே சொல்லாது. சரி, துறையின் வழக்கப்படியே செய்வோம். செல்வியைத் தள்ளி நின்று பார்க்கிற நான்கு பேர்: மகள் நிறைமதி (பெங்களூரில் வேலை), மச்சினன் சங்கரலிங்கம், செல்வியோடு வேலை பார்க்கும் ஜெபமணி டீச்சர், எதிர்வீட்டு டெய்லர் காசிம் பாய். நான்கு பேருக்கும் வாட்ஸ்அப்பில் இதை அனுப்பினேன்:

"ஆவுடைச்செல்வி அவர்கள், கணவர் ஊர் திரும்புவது குறித்து எங்கே நிற்கிறார்? பூஜ்யம்: வரவே வேண்டாம். பத்து: இன்றைக்கே விமானம் ஏறு. உங்கள் சொந்த ஆசையைச் சொல்லக் கூடாது. பதில்கள் ரகசியமாக வைக்கப்படும்."

ஐரோப்பிய அறிஞர்களுக்கு இதைவிடச் சுருக்கமாக நான் எழுதியதே இல்லை.

மார்ச் 20, புதன்

சங்கரலிங்கம்: ஒன்பது. அத்தோடு ஒரு குரல்பதிவு. "அத்தான், தீவாளிக்கு நான் ஊருக்குப் போயிருக்கும்போது அக்கா ஒங்க தட்டையும் சேத்துல்லா எடுத்து வச்சா! வச்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி அதுல அப்பளத்தப் போட்டா. ஒம்பது போடுங்க. பத்தே போடுவேன், பொறவு எனக்கு அக்காகிட்ட அடி விழும்."

அந்தப் பதிவைக் கேட்டேன். ஒலி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க இன்னும் சில தடவை கேட்டேன்.

மார்ச் 21, வியாழன்

காசிம் பாய் போனிலேயே வந்துவிட்டார். பொங்கலுக்கு மறுநாள் கண் ஆபரேஷனுக்காக மகள் வீட்டுக்கு, காயல்பட்டினத்துக்குப் போனவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். வாட்ஸ்அப்பைப் பேரன் படித்துக் காட்டினானாம்.

"என்ன புரபசரே, பொண்டாட்டி மனசுக்கு அளவெடுக்கச் சொல்லுதீய? நான் சட்டைக்கு எடுத்தாலே ரெண்டு இஞ்சு பெசகும்."

"சும்மா ஒரு மதிப்புக்குத்தான், பாய்."

"எட்டு. சாயங்காலமானா டீச்சர் வாசல்ல வந்து நிப்பாவ. கைல ஒண்ணும் இருக்காது. கோலப்பொடி இருக்காது, காய்கறிப் பை இருக்காது. சும்மா நிப்பாவ. வேலையத்தவ நிப்பா, வேல இருக்கவ ஏன் நிக்கா? எட்டு."

இன்று நன்றாகச் சமைத்தேன். ரசத்துக்குத் தாளித்ததில் புகை அதிகமாகி அபாய மணி அடித்து, கட்டடமே தெருவுக்கு வந்து நின்றது. யாரும் பெரிதாகக் கோபப்படவில்லை. நானும் அவர்களோடு மழையில் நின்று சிரித்தேன்.

மார்ச் 23, சனி

நிறைமதி: மூன்று.

"மூணா? என்னட்டி மூணு?"

"கேட்டீங்க, சொன்னேன். நிபுணர்கிட்ட காரணம் கேக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க?"

"காரணம் கேட்கலாம். கூடுதல் கேள்வின்னு ஒரு பகுதி உண்டு."

"அப்பா." குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டது. "இத எங்கிட்ட கேக்காதீங்க. அம்மாகிட்ட கேளுங்க."

மார்ச் 24, ஞாயிறு

ஜெபமணி டீச்சர் ஐந்து நாளாகப் பதில் தரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். கோயிலுக்குப் போய்விட்டு வந்து கூப்பிட்டார்.

"சார், இதுக்கெல்லாம் மார்க் போட்டா ஆண்டவரு என்னையப் பெயிலாக்கிருவாரு."

"ஒரு எண் மட்டும் சொல்லுங்க டீச்சர். வேற ஒண்ணும் வேண்டாம்."

"ரெண்டுன்னு வச்சுக்கிடுங்க. டீச்சர் இப்ப நல்லா இருக்காங்க சார். பேச்செல்லாம் தெளிவா, நடையில ஒரு வேகமா... அப்படி நான் பாத்ததே இல்ல. நீங்க தப்பா எடுத்துக்கிடப்படாது."

எடுத்துக்கொள்ளவில்லை. அவள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதானே இருபத்தாறு வருடமாக... சரி, துணி காயப்போட வேண்டும்.

ஒன்பது, எட்டு, மூன்று, இரண்டு. கூட்டி வகுத்தால் ஐந்தரை.

ஐந்தரை என்றால் பார்ப்பதற்கு நடுநிலைபோலத் தெரியும். அப்படியில்லை. இரண்டு பேர் தெருவின் அந்தக் கடைசியில், இரண்டு பேர் இந்தக் கடைசியில். நடுவில் ஐந்தரையாம் நம்பர் வீட்டில் யாருமே குடியில்லை. நானாகப் போய் அதன் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஈஸ்டர் விடுமுறை முடிந்தது. ஒரு நாட்டு நிபுணர், தாம் ஆதரிக்கிற கட்சிக்குத்தான் எப்போதும் சரியாக நடு இடம் தருகிறார் என்று கண்டுபிடித்தோம். தான் நிற்கிற இடத்தை யாரும் ஓரம் என்று நினைப்பதில்லை.

செல்வியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருக்கிறேன் என்று ஒரு செய்தி வந்தது. கணக்கு டீச்சருக்கு என்ன மீட்டிங், அதுவும் வாரத்துக்கு மூன்று?

ஏப்ரல் 9, செவ்வாய்

இன்று அலுவலகத்தில் ஒரு கலவரம். ஒரு சின்ன நாட்டில் ஒரு கட்சிக்கு நிபுணர்கள் தாறுமாறாக மார்க் போட்டிருக்கிறார்கள். பாதிப் பேர் மூன்று, பாதிப் பேர் எட்டு. யாரோ பொறுப்பில்லாமல் நிரப்பியிருக்கிறார்கள், நிராகரித்துவிடலாம் என்றேன் நான்.

மரைக்கே அம்மாள் ஒவ்வொரு பதிலும் வந்த தேதியைப் பார்த்தார். "இவர்கள் யாரும் தவறு செய்யவில்லை, நாதன். இந்தக் கட்சி பிப்ரவரியில் உடைந்தது. மூன்று போட்டவர்கள் உடைவதற்கு முன்னால் பார்த்தவர்கள். எட்டு போட்டவர்கள் பின்னால் பார்த்தவர்கள். ஒரே பெயரில் இரண்டு கட்சிகளுக்குச் சராசரி எடுத்துவிட்டோம்."

காபி கொண்டுவருகிறேன் என்று எழுந்துபோனேன். இயந்திரத்துக்கு முன்னால் கோப்பை வைக்காமலே பொத்தானை அழுத்தியிருக்கிறேன்.

சங்கரலிங்கம் பார்த்தது தீபாவளி. காசிம் பாய் பார்த்தது பொங்கல் வரை. நிறைமதியும் ஜெபமணி டீச்சரும் இப்போது பார்க்கிறவர்கள்.

நிறைமதியைக் கூப்பிட்டேன். "பொங்கலுக்கு அப்புறம் என்ன நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்று பெருமூச்சு விட்டாள். "அம்மாவுக்கு ஹெச்.எம். புரமோஷன் வந்துச்சுப்பா. செங்கோட்டைப் பக்கம் ஒரு ஹைஸ்கூல். பிப்ரவரியிலயே வீடு எடுத்துப் போயாச்சு. ஜெபமணி ஆன்ட்டியும் அங்கதான் மாத்தல் வாங்கியிருக்காங்க. பாளையங்கோட்டை வீடு பூட்டிக் கிடக்கு."

"செங்கோட்டையா?"

"மலையடிவாரம். வீட்டுக்குள்ள குரங்கெல்லாம் வருதாம்."

ஏப்ரல் 10, புதன்

மத்தியானம் விடுப்பு சொல்லிவிட்டு, கால்வாய் ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கூப்பிட்டேன். அங்கே அவள் பள்ளி விட்டு வந்திருக்கிற நேரம்.

"ஹெச்.எம். அம்மாவா?"

"யாரு சொன்னா? நிறையா?"

"எனக்கு ஏன் சொல்லல?"

"முந்தி ரெண்டு தடவ புரமோஷன் வந்து வேண்டாம்னு எழுதிக்குடுத்தேன். ஒங்க அம்மாவுக்கு முடியாம இருந்தப்ப ஒண்ணு, நிறை பன்னெண்டாப்பு படிச்சப்ப ஒண்ணு. ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும். இந்தத் தடவ சந்தோசமால்லா சொல்லியிருக்கணும்."

"சொன்னா என்ன பண்ணியிருப்பீய? அவளுக்கு அங்க வேல வந்துட்டு, நம்ம இங்கயே இருப்போம்னு ரெண்டு வருசம் கையெழுத்துப் போட்டிருப்பீய. இல்லாட்டா, பாவம் தனியா கெடக்கான்னு ஓடி வந்து, பொறவு ஆயுசுக்கும் பெல்ஜியத்த விட்டேன், பெல்ஜியத்த விட்டேன்னு பாடியிருப்பீய. எதுன்னாலும் காரணம் நானா இருப்பேன். எனக்கு அது வேண்டாம்."

ஒரு படகு போயிற்று. அதில் சுற்றுலாப் பயணிகள் எனக்குக் கையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

"ஜெபமணி டீச்சர் சொன்னாங்க," என்றாள். "நாலு பேருகிட்ட எனக்கு மார்க் கேட்டியளாமே. எவ்வளவு வந்துச்சு?"

ரகசியம் காக்கப்படும் என்று அவர்களிடம்தான் சொன்னேன். அவர்கள் எனக்கு அப்படி ஒன்றும் சொல்லவில்லையே. "அஞ்சரை" என்றேன்.

"பாஸா, பெயிலா?"

"அது அப்படி இல்ல, செல்வி..."

"டெய்லர்கிட்ட கேட்டீய. துபாய்ல இருக்கவன்கிட்ட கேட்டீய. எங்கிட்ட மார்க் கேக்கல, சரி, அது ஒங்க தொழில் வழக்கம்னு நிறை சொன்னா. ஒங்கள நீங்க கேட்டீயளா? ஒங்க மார்க் எவ்வளவு?"

இங்கே மழை வருகிறது, சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்தேன். மழை வரவில்லை.

ஏப்ரல் 15, திங்கள்

வேலை அதிகம்.

ஏப்ரல் 18, வியாழன்

வேலை ஒன்றும் அதிகமில்லை. மேசையில் உட்கார்ந்து நான் திரும்பிப் போவதற்கு யாராவது ஒரு காரணம் தருவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வி கூப்பிட்டாள், மகள் அழுதாள், கல்லூரி மிரட்டியது என்று ஏதாவது. ஒருவரும் உதவவில்லை. எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். கல்லூரியில் என் வகுப்பை எடுக்கிற பையன் என்னைவிட நன்றாக எடுக்கிறானாம்.

அவளுக்கு நான் தேவை என்று யாராவது சொன்னால் கௌரவமாக ஊருக்குப் போகலாம் என்றிருந்தேன். தேவையில்லாத இடத்துக்குப் போக வேண்டுமானால், ஆசைப்பட்டுப் போவதாக ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஐம்பத்தோரு வயதில், தொப்பையோடு. என்ன அசிங்கம்!

ஆசைதான். சந்தையில் ஒரு அம்மாள் சில்லறையை எண்ணி உள்ளங்கையில் வைத்து மூடினார். அது செல்வி மூடுகிற விதம். இரண்டு கிலோ உருளைக்கிழங்கு எனக்குத் தேவையே இல்லை. வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

மரைக்கே அம்மாள் அறைக்குப் போனேன். ஜூனில் ஒப்பந்தத்தோடு முடித்துக்கொள்கிறேன் என்றேன்.

"ஊரில் நல்ல வேலை கிடைத்துவிட்டதா?"

"ஆமாம். என் மனைவிக்கு."

"அவர்கள் வரச் சொன்னார்களா?"

"இல்லை."

"பிறகு?"

"எனக்குப் போக வேண்டும்." ஆங்கிலத்தில் சொல்வதால் அவ்வளவு கூச்சமாக இல்லை. அந்த அம்மாள் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்கு முன் லிதுவேனியாவை முடித்துக் கொடுத்துவிடுவீர்களா என்றும் கேட்டுக்கொண்டார்.

வெளியே வந்து செல்வியைக் கூப்பிட்டேன். தமிழில் சொல்லத்தான் நாக்கு புரளவில்லை.

"ஏட்டி, பத்து."

"என்னது பத்து?"

"என் மார்க்கு. வாரேன். இங்க ஆபீஸ்ல சொல்லியாச்சு."

"நான் வரச் சொல்லலியே?"

"இல்ல. நானாத்தான்."

பின்னால் பிள்ளைகள் ஓடுகிற சத்தம். யாரோ "மிஸ், மிஸ்" என்று கூப்பிட, "ஏ, அந்தப் பக்கம் போங்கலே" என்று விரட்டினாள். மூக்கை உறிஞ்சினாள். ஜலதோஷமாக இருக்கலாம்.

"வீடு சின்னது" என்றாள். "தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும்."

"சரி."

"நான் விடியமே ஸ்கூலுக்குப் போயிருவேன். வர இருட்டிரும். சில வாரம் சனிக்கெழமையும் லீவு இருக்காது. நீங்க வந்து என்ன பண்ணுவீய?"

"கல்லூரி தொறக்குற வரைக்கும் சும்மாத்தான் இருப்பேன்."

"அப்பம் காத்துக் கெடங்க" என்றாள். "நான் பழகலியா? பழகும்."

ஜூன் 12, புதன். செங்கோட்டை

நேற்று வந்து சேர்ந்தேன். ஸ்டேஷனுக்கு அவள் வரவில்லை. பள்ளி திறந்த வாரம், இன்ஸ்பெக்ஷன். சாவி எதிர்க் கடையில் இருந்தது. வீட்டில் இரண்டு நாற்காலி. ஒன்று பழையது. இன்னொன்றின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. எப்போது வாங்கினாய் என்று கேட்டதற்கு, "ஸ்கூலுக்கு வாங்குனதுல ஒண்ணு மிச்சம்" என்றாள். நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

இன்று அவள் கிளம்பும்போது நான் எழுந்துவிட்டேன். புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல், ஜெபமணி டீச்சர் சொன்ன அந்த வேகத்தோடு போனாள். தெருவில் மூன்று பேர் வணக்கம் வைத்தார்கள். என்னை யாருக்கும் தெரியவில்லை.

பாத்திரம் கழுவினேன். ஜன்னலில் வந்து உட்கார்ந்த குரங்கிடம் கொஞ்சம் பேசினேன். மலையில் மேகம் இறங்கி, சாரல் விழுந்து, நின்றது. பள்ளிக்கூட மணி இங்கே வரைக்கும் கேட்கிறது. சாயங்கால மணி அடித்ததும் அவளுக்கு டீ போட்டேன். இன்ஸ்பெக்ஷன் முடியவில்லைபோல. ஆறிவிட்டது. அதை நான் குடித்துவிட்டு, மறுபடியும் பாலை அடுப்பில் வைத்திருக்கிறேன்.